டர்னிப் விதை எடுத்துத் தருபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

குலு பள்ளத்தாக்கின் விதை உழவர்களுக்கு,

நீலகிரியில், குன்னூருக்குச் சற்று மேலே, வீட்டின் பின்புறம் சில பாத்திகள் வைத்துக் காய்கறி போடுகிற ஒருத்தி எழுதுகிறேன். இந்த மடலை உங்களில் யாரும் படிக்கப் போவதில்லை என்று தெரியும். உங்களுக்குத் தமிழ் தெரியாது. எனக்குத் தெரிந்த இந்தி வழி கேட்கவும் விலை கேட்கவும்தான் உதவும். இருந்தும் தமிழிலேயே எழுதுகிறேன். உங்கள் விதையில் விளைந்ததைச் சாம்பாரிலும் கூட்டிலும் போட்டுச் சாப்பிடுகிற என் ஊர்க்காரர்களுக்கு, நீங்கள் இருப்பதே தெரியாது. அவர்கள் காதில் விழ வேண்டும் என்றுதான் இதைத் திறந்த மடலாக எழுதுகிறேன்.

விளைவித்தவருக்கு நன்றி சொல்வது எங்களுக்குப் பழக்கமான காரியம். அதற்கென்று பொங்கல் இருக்கிறது. ஏர் இழுத்த மாட்டுக்கும் ஒரு நாள் இருக்கிறது. விதை எடுத்தவருக்குத் தனியாக நன்றி சொல்லும் தேவை அன்று இருந்ததில்லை, ஏனென்றால் விதைத்தவரும் விதை எடுத்தவரும் ஒருவராகவே இருந்தார்கள். நெல்லில் விதைநெல்லைத் தனியாகக் கட்டி வைத்தார்கள். கத்தரியில் ஒன்றைப் பழுக்கவிட்டார்கள். அவரை, பீர்க்கு, சுரை எல்லாம் கொடியிலேயே நெற்றானதும் பறித்து, சாம்பலில் புரட்டி அடுக்களை உத்தரத்தில் தொங்கவிட்ட பாட்டிமார்களை நானே பார்த்திருக்கிறேன். டர்னிப்பில் அது நடக்காது. சாப்பிடும் பக்குவத்தில் அதனிடம் விதையே கிடையாது. பூவே வந்திருக்காது.

இந்தச் செடிக்கு ஆயுள் இரண்டு பருவம். முதல் பருவத்தில் இலை விட்டு, அந்த இலை சமைத்த உணவையெல்லாம் கீழே கொண்டுபோய்ச் சேர்த்து வைக்கிறது. நாம் கிழங்கு என்று சொல்வது முழுக்க வேர் கூட இல்லை. வேரின் மேல்பகுதியும், அதற்கும் விதையிலைக்கும் இடையில் இருந்த இளந்தண்டும் சேர்ந்து பருத்த உருண்டை அது. அந்தச் சேமிப்பு நமக்காக ஆனதல்ல. குளிர்காலத்தைத் தாண்டி, அடுத்த வசந்தத்தில் பூத்துக் காய்ப்பதற்காகச் செடி தனக்கென்று வைத்துக்கொண்டது. பத்து டிகிரிக்குக் கீழே போகும் குளிரைச் சில வாரங்களாவது அது உணர வேண்டும். அப்புறம்தான் நடுக்குருத்திலிருந்து தண்டு கிளம்பும், மஞ்சள் பூ வரும். பூ வர ஆரம்பித்ததும் கிழங்கு வற்றி நாராகிவிடும். பிறகு அதை வாயில் வைக்க முடியாது. ஆகவே நான் பாத்தியிலிருந்து பிடுங்குகிற ஒவ்வொரு டர்னிப்பும் பூக்காமலே முடிந்துபோன செடி. என் வீட்டில் அது முடிந்துபோகலாம் என்றால், வேறெங்கோ ஒருவர் அதே செடியைச் சாப்பிடாமல் காத்திருந்து பூக்கவிட்டிருக்க வேண்டும். அந்த ஒருவர் நீங்கள்.

எல்லா டர்னிப்பும் இப்படி மலைக்குளிரைக் கேட்பதில்லை. வட இந்தியச் சமவெளியிலேயே விதை கட்டும் ஆசிய ரகங்களும் உண்டு. பஞ்சாபிலும் டெல்லியிலும் குளிர்காலக் காய்க்கடைகளைச் சிவப்பாக்கும் ஷல்கம் அந்த வகை. நான் போடுவது வேறு வகை: வெள்ளை உருண்டையாக வரும் பூசா சந்திரிமா, தலையில் ஊதா ஏறிய பர்ப்பிள் டாப் ஒயிட் குளோப். இவை குளிர்நாட்டு ரகங்கள். இவை விதை கட்ட உங்களுடையது போன்ற இமயமலைப் பள்ளத்தாக்கு வேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் குடும்பத்தோடு மணாலி போனோம். பங்குனி கடைசி. குலுவைத் தாண்டி, பியாஸ் ஆற்றை ஒட்டி வண்டி ஏறிக்கொண்டிருந்தது. ஆப்பிள் மரங்கள் பூவெடுக்கும் நேரம். நடுநடுவே துண்டு துண்டாக மஞ்சள் வயல்கள். கடுகு என்றார் ஓட்டுநர். தேநீருக்கு நிறுத்திய இடத்தில், வேலியோரமாகப் போய்க் குனிந்து பார்த்தேன். இடுப்புக்கு மேல் வளர்ந்த தண்டு, கிளை கிளையாகப் பூ, நாலு இதழ், சுற்றிலும் தேனீ இரைச்சல். அடியில் மண்ணைவிட்டுத் துருத்திக்கொண்டு, தோல் சுருங்கி, பாதி வற்றிய உருண்டை ஒன்று. தலைப்பக்கம் ஊதா நிறம் மங்கலாக மிச்சமிருந்தது. என் பாத்தியில் எத்தனையோ தடவை கையில் எடுத்த காய்தான். அது பூக்குமென்று படித்திருந்தேன், பார்த்ததில்லை.

வயலுக்குள் தலையில் பூப்போட்ட துணி கட்டிய ஓர் அம்மா நின்றிருந்தார். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருக்கலாம். "ஷல்கம்?" என்று டர்னிப்பின் இந்திப் பெயரைச் சொல்லிக் கேட்டேன். தலையசைத்துவிட்டு, "பீஜ்" என்றார். விதைக்காக. சாப்பிடுவதற்கு இல்லை என்று கையை வாய்ப்பக்கம் கொண்டுபோய் ஆட்டிக் காட்டினார். மீதியை அவர் கையாலேயே சொன்னார். குளிர் இறுகுவதற்கு முன் எல்லாவற்றையும் மண்ணிலிருந்து எடுத்தோம்; உருண்டையாக, வழுவழுப்பாக, ஒரே வேராக இறங்கியிருந்ததை மட்டும் பொறுக்கினோம்; இலையைக் குருத்து கெடாமல் வெட்டிவிட்டு மறுபடி நட்டோம். கோணலானது, வெடித்தது, இரண்டு கால் விட்டது எல்லாம்? தொழுவத்தைக் காட்டினார்.

அம்மா, அன்று நான் உங்களிடம் சொல்லத் தெரியாமல் சிரித்துவிட்டு வந்தேன். நல்லதை வீட்டுக்கும் மீதியை வேறெதற்கும் வைத்துக்கொள்வதுதான் காய் விளைவிக்கிற எல்லோருடைய வழக்கமும். நீங்கள் கண்ணுக்கு மிக அழகாக விளைந்ததை எடுத்து, உறைபனிக்கு முன் மண்ணுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, மே, ஜூன் வரை காத்திருந்தீர்கள். அந்தக் காத்திருப்புக்குத்தான் இந்த நன்றி.

இங்கே என் ஊர் வாசகர்களுக்குக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் விதை எடுப்பது என்றால் காயவைத்து உதிர்ப்பது என்றே நம்மில் பலர் நினைக்கிறோம். டர்னிப் பூவின் மகரந்தத்தைத் தேனீதான் கடத்த வேண்டும். தன் பூவின் மகரந்தத்தைத் தானே பெரும்பாலும் ஏற்காத செடி அது. பக்கத்துச் செடியிலிருந்து வர வேண்டும். அந்தப் பக்கத்துச் செடி இன்னொரு ரக டர்னிப்பாக இருந்தால் விதை கலந்துவிடும். சைனீஸ் கேபேஜாக இருந்தாலும் கலந்துவிடும், ஏனென்றால் தாவரவியலில் இரண்டும் ஒரே இனம்: பிராசிகா ராப்பா. வட இந்தியாவில் எண்ணெய்க்குப் போடும் மஞ்சள் சர்சோனும் அதே இனம். ஆகவே விதைக்கு விடும் வயலைச் சுற்றி இவை எதுவும் பூக்காத வெளி இருக்க வேண்டும். விதைத்துறையில் இதைப் பயிர் விலகு தூரம் என்பார்கள். டர்னிப்புக்குச் சான்று விதை எடுக்க 1,000 மீட்டர், அந்தச் சான்று விதைக்கே தாயான ஆதார விதை எடுக்க 1,600 மீட்டர். ஒரு மைல்! துண்டு துண்டாக நிலம் இருக்கும் மலைச்சரிவில், உங்கள் வயலுக்கு ஒரு மைல் சுற்றுவட்டத்தில் இன்னொருவர் எதைப் பூக்கவிடலாம், எதை விடக் கூடாது என்று பேசி ஒப்புக்கொண்டால்தான் அது சாத்தியம். வாய்க்கால் தகராறும் வரப்புத் தகராறும் பார்த்து வளர்ந்தவள் நான். ஒரு பள்ளத்தாக்கு முழுக்கச் சேர்ந்து ஒரு பூவுக்கு வழிவிடுவது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரிகிறது.

அதற்கு மேல் கலவன் எடுக்கும் வேலை. ரகத்துக்கு ஒவ்வாத இலை, நிறம், உருவம் தெரிந்த செடியைப் பூக்கும் முன்பே பிடுங்கி வெளியே போட வேண்டும். ஒன்றைத் தப்பவிட்டாலும் அதன் மகரந்தம் வயல் முழுக்கப் போய்விடும். நெற்று பழுத்த பிறகு இன்னொரு அவசரம். எல்லாக் காயும் ஒன்றாக முற்றாது. அடியில் முற்றும்போது நுனியில் பச்சையாக இருக்கும். நுனிக்காகக் காத்திருந்தால் அடி நெற்று வெடித்து விதை மண்ணில் சிதறும். சரியான நாளில், பனி ஈரம் உலராத காலையில் அறுத்து, களத்தில் காயப்போட்டு, தட்டி, தூற்றி, புடைத்து எடுக்க வேண்டும். அந்த விதைதான் சின்னப் பொட்டலமாக மேட்டுப்பாளையம் தாண்டி மலையேறி எங்கள் கடைக்கு வருகிறது.

அதைக் கையில் கொட்டினால் கடுகுதான் என்று சொல்லத் தோன்றும். செம்பழுப்பு, கொஞ்சம் கருமை, உருண்டை. ஆயிரம் விதை சேர்ந்தால் இரண்டு மூன்று கிராம் எடை. கடுகைப் போல இருப்பது தற்செயல் இல்லை. நாம் எண்ணெயில் வெடிக்கவிடும் கடுகு, பிராசிகா ஜுன்சியா, டர்னிப்பின் இனமும் கருங்கடுகு இனமும் வெகுகாலத்துக்கு முன் தானாகக் கலந்து பிறந்தது. இதை 1935-இல் எழுதிக் காட்டியவர் ஊ ஜாங்-சூன். ஜப்பானில் பிறந்து வளர்ந்தவர், தந்தை கொரியர். ஒன்றில் பத்து ஜோடி குரோமோசோம், மற்றதில் எட்டு, கூட்டினால் கடுகில் பதினெட்டு என்று முக்கோணம் போட்டுக் காட்டினார். தாவரவியல் மாணவர்கள் இன்றும் அதை ஊ முக்கோணம் என்று படிக்கிறார்கள். டர்னிப்பைக் கண்டால் முகம் சுளித்து, சீமைக்காய் என்று ஒதுக்குகிறவர்கள் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் தாளிப்பதில் பாதி டர்னிப்பின் வம்சம். இதைச் சொன்னால் நம்புகிறவர்கள் குறைவு, உண்மை அதுதான்.

ஊ ஜாங்-சூனைப் பற்றி உங்களிடம் இன்னும் ஒன்று சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அவர் வாழ்க்கையின் பிற்பகுதி உங்கள் வேலையில்தான் கழிந்தது. ஜப்பானின் ஆட்சி முடிந்தபோது கொரியாவில் காய்கறி விதைக்குப் பெரும் தட்டுப்பாடு. அதுவரை விதை ஜப்பானிலிருந்து வந்துகொண்டிருந்தது. கிம்ச்சி இல்லாமல் சாப்பாடு இல்லாத நாட்டில் சைனீஸ் கேபேஜுக்கும் முள்ளங்கிக்கும் விதை இல்லை. 1950-இல் அவர் ஜப்பானை விட்டுக் கொரியாவுக்குப் போனார். 1959-இல் இறக்கும்வரை அந்த நாட்டுக்குச் சொந்த விதை உண்டாக்கிக் கொடுப்பதிலேயே இருந்தார். உலகம் அறிந்த ஆராய்ச்சியாளர், கடைசிக் காலத்தில் விதைக்காரர் ஆனார். அந்த முடிவை நான் பெரிதாக மதிக்கிறேன்.

உங்கள் பள்ளத்தாக்கின் கதையும் அப்படிப்பட்ட ஒரு தட்டுப்பாட்டில்தான் தொடங்குகிறது. அதைச் சொல்ல எங்கள் மலையிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். இங்கே ஐரோப்பியக் காய்கறி வந்த வரலாறு கொஞ்சம் பழையது. 1819-இல் கோத்தகிரிப் பக்கம் ஏறிவந்த கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன்தான், பிறகு ஊட்டியில் அந்தக் காய்களைப் பயிரிட வழி செய்தவர். ஊட்டித் தாவரவியல் பூங்காவே 1840-களில் அங்கிருந்த வெள்ளைக்காரர்கள் சந்தா போட்டு ஆரம்பித்த காய்கறித் தோட்டத்திலிருந்து வளர்ந்ததுதான். அந்தக் காய்களுக்கெல்லாம் விதை கப்பலில் வந்தது. மாதக்கணக்கில் கடலின் ஈரத்திலும் வெக்கையிலும் கிடந்து வரும் விதையில் எவ்வளவு உயிரோடு இருக்கும் என்று விதை பிடித்தவர்களுக்குத் தெரியும். நூறு வருடத்துக்கும் மேலாகக் குளிர்ப்பிரதேசக் காய்க்கு விதை வெளியிலிருந்துதான் என்ற நிலை அப்படியே இருந்தது.

இரண்டாம் உலகப் போர் அதை உடைத்தது. கப்பல் வழி தடைப்பட்டபோது, 1942-43-இல் குவெட்டாவிலும் காஷ்மீரிலும் குளிர்ப்பிரதேசக் காய்கறி விதை உற்பத்தி ஆரம்பமானது. ஐந்தே வருடத்தில் பிரிவினை; குவெட்டா எல்லைக்கு அப்பால் போய்விட்டது. நிலம் போயிற்று, குளிர்ந்த மலைக்காற்று போயிற்று. 1949-இல் உங்கள் கட்ரைனில் விதை நிலையம் வந்தது அதற்குப் பிறகுதான். குலுவுக்கும் மணாலிக்கும் நடுவில், ஆற்றோரத்தில். பின்னாளில் அது இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் வட்டார நிலையமாகி, ஜப்பானிஸ் ஒயிட் என்ற ரகத்தையும் ஸ்னோபால் என்ற ரகத்தையும் கலந்து பூசா சந்திரிமாவைக் கொடுத்தது. ஜப்பானிஸ் ஒயிட்டோடு கோல்டன் பால் கலந்து, மஞ்சள் சதை கொண்ட பூசா சுவர்ணிமாவையும் கொடுத்தது. நிலையத்தில் பிறந்த ரகத்தை வருடம் தவறாமல் பெருக்கித் தந்தவர்கள் பள்ளத்தாக்கின் குடும்பங்கள். அந்த ரகங்களின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

இனி, நீங்கள் அனுப்பிய விதை எங்கள் வீட்டில் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். விதை போன இடத்தை அறிய உங்களுக்கு ஆசை இருக்கும்.

எங்கள் மண் புளித்த மண். மழை அதிகம், சுண்ணாம்புச் சத்து நிற்காது. விதைப்பதற்குச் சில வாரம் முன்பே பாத்தியில் சுண்ணாம்பு தூவிக் கொத்திவிடுவேன். அதை விட்டால் கோசு வகைப் பயிர்களுக்கு வரும் வேர்முடிச்சு நோய் குடியேறிவிடும். மக்கிய தொழுவுரம் மட்டும் போடுவேன். பச்சைச் சாணம் போட்டால் இலை கொழுக்கும், கீழே ஒன்றும் இருக்காது. டர்னிப்பை நாற்று விட்டு எடுத்து நடக்கூடாது, இருக்கும் இடத்திலேயே முளைக்க வேண்டும். வேர் ஒருமுறை முறிந்தால் உருண்டை கோணலாகும். உங்களுக்குத் தெரியாததா! விதையைக் கொஞ்சம் மணலோடு பிசறி, ஓர் அடி இடைவெளியில் கோடு கிழித்து, அரை அங்குல ஆழத்தில் தூவி, விரலாலேயே மண்ணை மூடிப் பூவாளியால் தண்ணீர் தெளிப்பேன். கடைபோகத்தில், ஆவணி புரட்டாசியில் போடுவது எனக்கு மிகவும் பிடித்தது. வெயில் தணிந்திருக்கும். குளிர் ஏற ஏறக் கிழங்கில் இனிப்பு ஏறும்; வெப்பத்தில் வளர்ந்தது கசக்கும், உள்ளே பஞ்சு கட்டும்.

ஒரு வாரத்துக்குள் கோடு முழுக்கப் பச்சை. இரண்டு விதையிலையும் இதய வடிவில் நடுவில் குழிந்து, ஒன்றையொன்று பார்த்து நிற்கும். இந்த இடத்தில்தான் உங்கள் நாணயம் முதலில் தெரிகிறது. நம் நாட்டு விதைச்சட்டப்படி டர்னிப் விதைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் நூற்றுக்கு 85. கோட்டில் இடைவெளி விழாமல் முளைத்து நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம், சரியான நாளில் அறுத்து, ஈரம் போகக் காயவைத்த கைகளை நினைத்துக்கொள்கிறேன்.

அடுத்து வருவது கலைத்துவிடும் வேலை. வீட்டுத்தோட்டக்காரர்கள் பலருக்கு மனசு வராத வேலை. முளைத்ததைப் பிடுங்குவதா என்று விட்டுவிடுவார்கள். ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு எல்லாம் வால் போல நீண்டு நிற்கும். மூன்றாவது இலை வந்ததும் இரண்டு விரல் இடைவெளிக்குக் கலைக்க வேண்டும். இன்னும் கொஞ்சம் வளர்ந்ததும் நாலைந்து அங்குலம். பிடுங்கிய பிஞ்சுகள் வீண் இல்லை. அலசி, பொடியாக நறுக்கி, அரைவேக்காட்டுப் பாசிப்பருப்போடு வதக்கித் தேங்காய் தூவினால், கடுகுக்கீரையின் காரம் லேசாக நாக்கில் நிற்கும் பொரியல். என் வீட்டில் கிழங்கைவிட இதற்குத்தான் கேட்பு அதிகம். விளைந்த செடியின் இலையையும் கிழங்கு கெடாமல் ஒன்றிரண்டாகக் கிள்ளிக்கொள்ளலாம்.

பூச்சியும் வரும். இளம் இலையில் ஊசியால் குத்தியது போல ஓட்டை போட்டு, கை நீட்டினால் துள்ளிப்போகும் குட்டிக் கருவண்டு. மூடுபனிக்குப் பிறகு வெயில் அடித்தால் அசுவினி. காலையில் சாம்பல் தூவியும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும் சமாளிக்கிறேன். தண்ணீர் விட்டுவிட்டுப் பாய்ந்தால் கிழங்கு வெடிக்கும், ஆகவே அளவாக, தவறாமல்.

பிறகு ஒருநாள் மண் லேசாகப் பிளந்து, தோள் வெளியே தெரியும். பர்ப்பிள் டாப் ரகத்தில் அந்தத் தோள்தான் அழகு. மண்ணுக்கு மேலே வெளிச்சம் பட்ட பாகம் மட்டும் ஊதாவாகும். மண்ணுக்குள் இருந்தது வெள்ளையாகவே இருக்கும். இலையைச் சேர்த்துப் பிடித்து இழுத்தால் சின்ன ஒலியோடு வந்துவிடும். துடைத்துப் பார்த்தால் எந்த இடம்வரை மண் இருந்தது என்று கோடு போட்டது போலத் தெரியும். எலுமிச்சையைவிடப் பெரிதாக, ஆரஞ்சுக்குச் சிறிதாக இருக்கும்போது எடுத்தால் தோல் சீவாமலே கடிக்கலாம். விதைத்து ஐம்பது, அறுபது நாளில் அந்தப் பக்குவம் வரும். இன்னும் பெருக்கட்டும் என்று விட்டால் எடை கூடும், சுவை போகும்.

ஒரு வரிசையைப் பிடுங்கிப் படியில் அடுக்கும்போது எல்லாம் ஒன்றுபோல இருக்கும். எனக்கு நீங்கள் செய்த உபகாரத்தின் முழு அளவும் அந்த ஒரு பார்வையில் இருக்கிறது. தேனீயை நம்பித் திறந்தவெளியில் பூத்த செடியின் பிள்ளைகள் இவை. ஒன்று சிவப்பாக, ஒன்று நீளமாக, ஒன்று கிழங்கே இல்லாமல் வெறும் இலையாக வந்திருக்கலாம். வரவில்லை. நீங்கள் பிடுங்கி எறிந்த கலவன்களும், தொழுவத்துக்குப் போன கோணல் கிழங்குகளும், ஒரு மைல் தூரம் காத்த வெளியும் சேர்ந்துதான் இந்தச் சீரான வரிசை.

"உங்கள் ஊட்டிக் குளிரில் நீங்களே விதை எடுக்கலாமே" என்று என்னைக் கேட்கிறவர்கள் உண்டு. மார்கழி, தை மாதக் குளிரில் எங்கள் பாத்தியிலும் சில செடிகள் தண்டு விட்டுப் பூக்கத்தான் செய்யும். ஆனால் முந்திப் பூக்கிற செடியிலிருந்து விதை எடுத்தால், அடுத்த தலைமுறையும் கிழங்கு கட்டும் முன் பூக்கும் குணத்தோடு வரும். சுற்றிலும் ஓட்டல்களுக்காகப் போடும் சைனீஸ் கேபேஜ் இருக்கிறது. அதில் ஒன்று தப்பிப் பூத்தால் போதும், கலந்துவிடும். பக்கத்துத் தோட்டம் என் பேச்சைக் கேட்காது. கேட்கச் சொல்வதும் நியாயமில்லை. அந்தப் பூக்களை நான் தேனீக்களுக்கு விட்டுவிட்டு, விதைக்கு உங்களிடமே வருகிறேன்.

இந்தச் செடி உங்கள் மலைகளுக்கு அந்நியமல்ல என்பதும் எனக்கு ஆறுதல். 2021-இல் வெளிவந்த ஒரு மரபணு ஆய்வு, பிராசிகா ராப்பாவை மனிதர்கள் முதலில் பழக்கியது மத்திய ஆசியாவில், இந்துகுஷ் மலைகளை ஒட்டி என்றும், முதலில் பழக்கியது டர்னிப்பாகவே இருக்க வேண்டும் என்றும், அது மூவாயிரத்து ஐந்நூறு முதல் ஆறாயிரம் வருடத்துக்கு முன் நடந்திருக்கலாம் என்றும் சொல்கிறது. அங்கிருந்து கிழக்கே போனது சீனத்துக் கீரைகளானது, மேற்கே போனது ஐரோப்பாவின் குளிர்கால உணவானது. காஷ்மீரில் இன்றும் அதை வளையமாக நறுக்கி, நூலில் கோத்து, பனிக்காலத்துக்காக வெயிலில் காயப்போடுகிறார்கள். அத்தனை தலைமுறையிலும் யாரோ ஒருவர் நல்ல கிழங்கைச் சாப்பிடாமல் எடுத்து வைத்திருக்கிறார். ஒரே ஒரு இடத்தில் அந்தச் சங்கிலி அறுந்திருந்தாலும் என் பாத்திக்கு வந்து சேர்ந்திருக்காது. அந்த வரிசையில் கடைசியாக நிற்பவர்கள் நீங்கள், உங்களுக்கு அடுத்து நான்.

ஒரு வருத்தத்தையும் இங்கே சொல்லிவிடுகிறேன். அது உங்கள்மேல் அல்ல. நான் வாங்கும் பொட்டலத்தில் ரகத்தின் பெயர் இருக்கிறது. முளைப்புத்திறன், புறத்தூய்மை, சோதனை செய்த தேதி, நிகர எடை, விற்கும் நிறுவனத்தின் முகவரி எல்லாம் இருக்கிறது. விதை விளைந்த ஊர் மட்டும் இல்லை. குலுவிலிருந்து வந்தது என்பதே கடைக்காரர் வாய்வார்த்தையாகச் சொல்லி எனக்குத் தெரிந்ததுதான். தேயிலை டப்பாவில் எங்கள் நீலகிரியின் பெயரைப் பெரிய எழுத்தில் போடுகிறார்கள். காபிக்குக் குடகு, ஆப்பிளுக்கு உங்கள் குலு. எல்லாவற்றுக்கும் மூலமான விதைக்கு ஊர் இல்லை. விதை விற்கும் நிறுவனங்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே: எந்தப் பள்ளத்தாக்கில், எந்தப் பருவத்தில் எடுத்த விதை என்று ஒரு வரி சேருங்கள். அட்டையில் அதற்கு இடம் இருக்கிறது.

இதைப் படிக்கிற எங்கள் ஊர்த் தோட்டக்காரர்களே, உங்களிடமும் கேட்டுக்கொள்கிறேன். அடுத்தமுறை விதை வாங்கும்போது விலையை மட்டும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். அட்டையின் நிறத்தைப் பாருங்கள்: ஆதார விதைக்கு வெள்ளை, சான்று விதைக்கு நீலம், விற்பவரே தரத்துக்குப் பொறுப்பேற்கும் உண்மைநிலை விதைக்குப் பச்சை. சோதனைத் தேதியைப் பாருங்கள். சான்று விதைக்கு அந்தத் தேதியிலிருந்து ஒன்பது மாதம்தான் கெடு. மீந்த விதையை அடுப்பங்கரையில் வைக்காமல், ஈரம் புகாத டப்பாவில் மூடிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். டர்னிப் விதை நாலு வருடம்வரை முளைக்கும். தூவும்போது அள்ளி இறைக்காமல் எண்ணித் தூவுங்கள். பிறகு கடைக்காரரிடம், "இது எங்கே விளைந்த விதை?" என்று கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் அவர் மேலே கேட்பார். மேலே கேட்டால் அட்டையில் வரும்.


குன்னூரிலிருந்து ஒரு வீட்டுத்தோட்டக்காரி